போலி அடுக்கு எபிதீலியத்தை அடையாளம் காண உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். உடற்கூறியல் தொடக்கப் பாடத்தில் எபிதீலியத் திசுக்களை (உடலின் வெளிப்பரப்பையும் உறுப்புகளின் உட்சுவரையும் மூடும் செல் படலங்களை) படித்து வருகிறேன். தோலின் மேல்தோல் நன்றாகப் புரிகிறது. அடியில் பிரியும் செல்கள் மேலே நகர நகரத் தட்டையாகி, கெரட்டின் என்ற கடினப் புரதம் நிறைந்து, உட்கருவை இழந்து உதிர்வதை நுண்ணோக்கிப் படத்திலேயே பின்தொடர முடிகிறது. ஆனால் மூச்சுக்குழாயின் உட்சுவரில், எல்லாச் செல்களும் அடித்தளச் சவ்வை (எபிதீலியம் அமர்ந்திருக்கும் மெல்லிய படலத்தை) தொட்டிருந்தும், உட்கருக்கள் வெவ்வேறு உயரங்களில் அமைந்திருப்பதால் ஒற்றை அடுக்கு பல அடுக்காகவே தெரிகிறது; இதுதான் போலி அடுக்கு எபிதீலியம்.

குறுயிழைகளும் (செல்லின் மேல் உள்ள நுண்ணிய மயிர் போன்ற இழைகள்) கோப்பைச் செல்களும் (சளி சுரக்கும் செல்கள்) தென்பட்டால் ஓரளவு உறுதி செய்துகொள்கிறேன். திசுவின் வெட்டு சாய்வாக விழுந்து அவை தெளிவில்லாத படங்களில் எதைப் பார்த்து முடிவு செய்வது? சிறுநீர்ப்பையின் எபிதீலியத்துக்கு, மேற்பரப்பில் குவிந்திருக்கும் பெரிய செல்களை மட்டும் அடையாளமாகக் கொள்ளலாமா? பை விரிந்த நிலையில் அவையும் தட்டையாகிவிடுகின்றனவே. கற்பித்த அனுபவமுள்ளவர்கள், முதலில் எதைக் கவனிப்பீர்கள் என்று விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.