பூங்காவுக்கு நீரூற்று வேண்டுமா? மேற்கு மாம்பலம் தெருக் குழுவில் ஒரு வாரம்

[சனி, மாலை 6:10]
ஓய்வுபெற்ற பொறியாளர்: அனைவருக்கும் வணக்கம். வரவிருக்கும் பகுதி சபைக் கூட்டத்தில் கொடுக்க வேண்டிய மனுவை எழுதத் தொடங்கியிருக்கிறேன். தெருமுனைப் பூங்காவுக்கு ஒரு நீரூற்று, சுற்றுச்சுவருக்குப் புது வண்ணம், தரை முழுவதும் தளக்கல், நடைபாதைக் கடைகளை அகற்றுதல் ஆகிய நான்கையும் கேட்கலாம் என்று எண்ணுகிறேன். மறுப்பு இருப்பவர்கள் இன்று இரவுக்குள் தெரிவிக்கவும்.

[6:14]
பால் பூத் எதிர்வீட்டு மாமி: மறுப்பு இருக்கிறது. நீரூற்று இரண்டு மாதம் தண்ணீரைப் பீய்ச்சும், அதற்குப் பிறகு கொசுவை வளர்க்கும். புதிதாக என்ன கேட்பது என்று யோசிப்பதற்கு முன்னால், இப்போது இருப்பதை யார் எந்த நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று நம்மில் ஒருவராவது உட்கார்ந்து பார்த்ததுண்டா?

[6:22]
மூன்றாம் மாடி மாணவி: மாமி கேட்டதுதான் எங்கள் கட்டடக்கலை வகுப்பில் முதல் பயிற்சி. வரைபடம் எதுவும் போடாமல், ஒரே இடத்தில் வெவ்வேறு நேரங்களில் ஒவ்வொரு மணி நேரம் அமர்ந்து, யார் வந்தார்கள், யார் நின்றார்கள், யார் உட்கார்ந்தார்கள், யார் குறுக்கே நடந்து போனதோடு சரி என்று தாளில் கோடு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டென்மார்க் நாட்டின் யான் கேல் என்ற கட்டடக் கலைஞர் கோபன்ஹேகன் தெருக்களில் 1960களிலிருந்து இப்படித்தான் பார்த்துக் குறித்து வந்தார். வேலைக்குப் போவதும் பேருந்துக்குக் காத்திருப்பதும் இடம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் நடந்துவிடும், ஆனால் உட்காருவதும் நின்று பேசுவதும் வேடிக்கை பார்ப்பதும் இடம் நன்றாக இருந்தால் மட்டுமே நடக்கும் என்பது அவர் கண்டது. ஆகவே எத்தனை பேர் கடந்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் தங்கினார்கள் என்பதையே நாம் எண்ண வேண்டும்.

[6:31]
தமிழாசிரியர் ஐயா (நிர்வாகி): குழுவின் விதிப்படி முழு வாக்கியங்களில் எழுதுவதற்கு நன்றி, அம்மா. சங்கப் பாடல்களில் மன்றம் என்றால் அங்கே ஒரு மரம் நிற்கும், அதன் அடியில் ஊர் கூடும். அதற்குச் சுற்றுச்சுவரும் பூட்டும் இருந்ததாக நான் படித்த நினைவில்லை. பொறியாளர் சார் மனுவை ஒரு வாரம் தள்ளிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். காலை 6 மணி என்னுடையது.

[6:33]
பால் பூத் எதிர்வீட்டு மாமி: பகல் 12 மணியை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் பூங்கா பூட்டித்தான் இருக்கும், இருந்தாலும் வாசலில் நிற்கிறேன்.

[6:40]
ஓய்வுபெற்ற பொறியாளர்: சரி, தள்ளிவைக்கிறேன். தி.நகர் பாண்டி பஜார் கடைவீதி போல நம் தெருவும் ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை. 2019 நவம்பரில் அங்கே நடைபாதை வளாகம் திறந்த பிறகு அந்தச் சாலையின் முகமே மாறிவிட்டதல்லவா?

[6:52]
மூன்றாம் மாடி மாணவி: மாறியது உண்மைதான், சார். ஆனால் எதனால் மாறியது என்பதையும் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே போனால், துணி எதுவும் வாங்காமல் குழந்தைக்கு ஒரு பலூன் மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு, மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைக் காணலாம். காசு செலவழிக்காதவரும் உட்கார முடிகிறது என்பதுதான் அங்கே நடந்த பெரிய மாற்றம், தரைக் கல்லின் நிறம் அல்ல. 2023 மே மாதம் திறந்த, மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதையில் நான் தினமும் போகிறேன். கால்வலி இல்லாமல் நெரிசலைத் தாண்ட அது பெரிய உதவி. ஆனால் அங்கே யாரும் தங்குவதில்லை, தங்கவும் வேண்டியதில்லை. நெரிசலைக் கடத்திவிடுவதுதான் பாலத்தின் வேலை. இரண்டையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுவது தவறு.

[திங்கள், காலை 7:25]
தமிழாசிரியர் ஐயா (நிர்வாகி): காலை 6 முதல் 7 வரை எண்ணினேன். நடப்பதற்கு வந்தவர்கள் 38 பேர், அவர்களில் நடந்து முடித்த பிறகு உட்கார்ந்தவர்கள் 9 பேர். பூங்காவில் ஆறு சிமென்ட் பெஞ்சுகள் இருந்தும், அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் வேப்பமரத்தைச் சுற்றிக் கட்டிய திண்டில்தான் அமர்ந்தார்கள். காரணம் தெரிந்துகொள்ள நானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே சுவர், முதுகுக்குப் பின்னால் மக்கள். ஆறு பெஞ்சுகளும் சுவரைப் பார்த்தே போடப்பட்டிருக்கின்றன. திண்டில் உட்கார்ந்தாலோ நான்கு பக்கமும் தெரிகிறது, பேச்சுத்துணையும் கிடைக்கிறது.

[7:41]
இஸ்திரி வண்டிக்கு மேல்வீட்டு அண்ணன்: ஐயா, பெஞ்சைத் திருப்பிப் போடுவதற்கு நீரூற்றின் விலையில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது என்பதை மனுவில் எழுதலாம்.

[திங்கள், பகல் 1:20]
பால் பூத் எதிர்வீட்டு மாமி: 12 முதல் 1 வரை வாசலில் நின்றேன். பூங்கா காலை 10 மணிக்குப் பூட்டப்பட்டால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கிறது என்பது நமக்குத் தெரியும். அந்த ஆறு மணி நேரத்தில் யார் வெளியே நிற்கிறார்கள் என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. நம் வீடுகளில் வேலை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் பெண்கள் நான்கு பேர், மூடிக்கிடக்கும் கடையின் படியில், வெயில் காலில் படாமலிருக்க முழங்காலை மடக்கிக்கொண்டு, டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்கள். உணவு கொண்டுபோகும் பையன்கள் ஆறு பேர் பூங்காச் சுவருக்கு வெளியே விழும் வேப்பமர நிழலில், வண்டியின் மேலேயே சாய்ந்திருந்தார்கள். மரம் உள்ளே இருக்கிறது, நிழல் வெளியே விழுகிறது, அந்த நிழலில்தான் மக்கள் இருக்கிறார்கள். தண்ணீர் குடிக்க எங்கே போவீர்கள் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். “உங்க வீட்டுக்குத்தான் வரணும் மாமி” என்றாள். எட்டு வருடமாக எங்கள் வீட்டுக்கு வருபவள் அவள்.

[1:34]
ஓய்வுபெற்ற பொறியாளர்: பகலில் திறந்துவைத்தால் வேண்டாதவர்கள் வந்து படுத்துவிடுவார்கள் என்ற அச்சத்தால்தான் பூட்டுகிறார்கள், மாமி. அதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

[1:39]
பால் பூத் எதிர்வீட்டு மாமி: உச்சி வெயிலில் வேலை செய்து களைத்தவர் மரத்தடியில் படுத்தால், அவரை எந்தக் கணக்கில் வேண்டாதவர் என்று சொல்வது, சார்? காலையில் சம்பளத்தோடும் காலணியோடும் நடக்க வருபவர்களுக்கு மட்டும் திறப்பதென்றால் அதைப் பொதுப் பூங்கா என்று சொல்லாமல் குடியிருப்போர் சங்கப் பூங்கா என்று பெயர்ப்பலகை வைத்துவிடலாம்.

[1:40]
தமிழாசிரியர் ஐயா (நிர்வாகி): இருவரும் சற்றே தணிந்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

[செவ்வாய், இரவு 8:50]
மூன்றாம் மாடி மாணவி: மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் எண்ணினேன். 5 மணிக்கு உள்ளே இருந்த 44 பேரில் பெண்களும் சிறுமிகளும் 23 பேர், ஏழு மணிக்கு இருந்த 26 பேரில் 4 பேர் மட்டுமே. அந்த நால்வரும் வாயிலுக்கு அருகிலிருந்த ஒரே விளக்கின் கீழே இருந்தார்கள். பின்பக்க விளக்கு எரியாமல் இல்லை, எரிகிறது. ஆனால் மரக்கிளை அதை மூடிவிட்டதால் வெளிச்சம் இலைகளுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. பொது இடத்தை மதிப்பிடும்போது யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அடுத்த வரியிலேயே யார் இல்லை என்று எழுத வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பதின்பருவப் பெண் பிள்ளை ஒருத்தியைக்கூட இரண்டு நேரமும் நான் பார்க்கவில்லை.

[9:02]
இஸ்திரி வண்டிக்கு மேல்வீட்டு அண்ணன்: என் மகளும் அந்தக் கணக்கில் சேருவாள். இதுவரை அவளை ஏன் அங்கே அனுப்பவில்லை என்று நான் என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

[புதன், மாலை 5:45]
ஓய்வுபெற்ற பொறியாளர்: நானும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, குடியிருப்புத் தெருவில் தடையின்றி நடக்கும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர், தலைக்கு மேல் தடையற்ற உயரம் 2.2 மீட்டர், சாலையிலிருந்து நடைபாதை விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே கடக்க அந்த 1.8 மீட்டர் தேவை. நம் நடைபாதையின் மொத்த அகலம் 2.1 மீட்டர் என்று பார்த்ததும் மகிழ்ந்தேன். ஆனால் மின்பெட்டி நிற்கும் இடத்தில் மிஞ்சுவது 62 சென்டிமீட்டர், விளிம்பின் உயரம் 31 சென்டிமீட்டர். கடைகளை அகற்றச் சொன்னது நான்தான், ஆகவே அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். பூக்கடைக்கும் இஸ்திரி வண்டிக்கும் அருகில் அளந்தபோது 1.4 மீட்டர் மிச்சமிருந்தது. அதுவும் குறைவுதான், ஆனால் மக்களைச் சாலையில் இறக்கிவிடுவது மின்பெட்டியும் விளிம்பும் தாறுமாறாக நிற்கும் இருசக்கர வண்டிகளுமே. அவற்றில் ஒன்று என்னுடையது.

[5:58]
பால் பூத் எதிர்வீட்டு மாமி: அந்த 31 சென்டிமீட்டரில்தான் நான் பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன், சார். எண் தெரியாமலே என் முழங்காலுக்குத் தெரியும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோவிலிலிருந்து இரவு எட்டரை மணிக்குத் தனியாக வரும்போது, பூக்காரப் பெண்ணின் விளக்கும் இஸ்திரிக்காரரின் வானொலிச் சத்தமும் வந்துவிட்டால் வீடு வந்துவிட்டது என்று எனக்கு மூச்சு சீராகும். அவர்களை அகற்றிவிட்டால் அந்த வெளிச்சத்தை யார் தருவார்கள்?

[6:15]
இஸ்திரி வண்டிக்கு மேல்வீட்டு அண்ணன்: 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர்கள் சட்டமும் அவர்களை வெறுமனே அகற்ற இடம் தரவில்லை. முதலில் கணக்கெடுக்க வேண்டும், விற்பதற்கான இடத்தை நகர வணிகக் குழு வழியாக முடிவு செய்ய வேண்டும், அந்தக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வணிகர்களின் பிரதிநிதிகளும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்க வேண்டும். அதே ஆண்டில்தான் சென்னை மாநகராட்சி, போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்குவது என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது. இரண்டையும் மனுவில் ஆண்டோடு குறிப்பிட்டால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

[வியாழன், காலை 9:10]
தமிழாசிரியர் ஐயா (நிர்வாகி): தளக்கல் கோரிக்கையைப் பற்றி ஒரு செய்தி. நம் பேட்டையில் லேக் வியூ சாலை இருக்கிறது, ஆனால் ஏரி இல்லை. அண்ணா சாலைக்கு மேற்கே நீண்டு கிடந்த ஏரியை 1920களில் வற்றச் செய்துதான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். பெயரை மட்டும் சாலையில் விட்டுவிட்டு ஏரி போய்விட்டது என்று நாம் நினைத்திருந்தோம். 2021 நவம்பர் மழையில் அது எங்கே போயிருந்தது என்று நம் வாசற்படியிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனது. அந்த மழையில் தெரு முழுவதும் நாட்கணக்கில் நீர் நின்றபோது, முதலில் வடிந்த இடம் பூங்காவின் மண்தரை. அதன் மேல் கல் பாவிவிட்டால் நீர் உறிஞ்ச இந்தத் தெருவில் வேறு நிலமே இல்லை.

[9:24]
ஓய்வுபெற்ற பொறியாளர்: தளக்கல்லை நீக்கிவிட்டேன், ஐயா. நீரூற்றையும் நீக்கிவிட்டேன். கடைகளை அகற்றுதல் என்பதை, சட்டப்படி இடம் வரையறுத்தல் என்று மாற்றியிருக்கிறேன். பகல் நேரத் திறப்பு, பெஞ்சுகளைத் திருப்புதல், கிளை வெட்டி விளக்கைக் கீழே இறக்குதல், மின்பெட்டியை நகர்த்துதல், விளிம்பைத் தாழ்த்துதல், குடிநீர்க் குழாய் ஒன்று என்று எழுதி, நாம் எண்ணிய தாள்களையும் இணைக்கிறேன். சுவருக்கு வண்ணம் அடிப்பதை மட்டும் கடைசி வரியில் வைத்திருக்கிறேன், அதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

[9:27]
பால் பூத் எதிர்வீட்டு மாமி: வண்ணம் இருக்கட்டும், சார், என் கையெழுத்தும் உண்டு. ஆனால் மனுவில் நம் பத்துப் பேரின் கையெழுத்து மட்டும் போதாது. இன்று 12 மணிக்குத் தாளோடு கடைப்படிக்கு வாருங்கள். அந்த நான்கு பெண்களும் சாப்பிட்டு முடிக்க அரை மணி நேரம் ஆகும், அதற்குள் படித்துக் காட்டிவிடலாம்.

[9:28]
ஓய்வுபெற்ற பொறியாளர்: வருகிறேன், மாமி. வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்தே வருகிறேன்.