அஞ்சு பேர் வேலை, இருக்கிறது ரெண்டு பேர்: தீபாவளி சீசனுக்கு எதை நிறுத்தலாம்?

கிரைண்டர்_கோவை:
கோயம்புத்தூர்ல வெட் கிரைண்டர், மிக்ஸி கம்பெனி. மார்க்கெட்டிங்ல அஞ்சு பேர் இருந்தோம். இப்ப நானும் ஒரு டிசைனரும்தான். ஆள் கேட்டா "சீசன் முடியட்டும்"ங்கிறார் எம்.டி. அவர் வாட்ஸ்அப்ல சொல்வார், சேல்ஸ் ஹெட் போன்ல சொல்வார், டீலருங்க நேரா டிசைனரைப் பிடிப்பாங்க. எல்லாமே "இன்னிக்கே வேணும்". மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்), கூகுள் விளம்பரம், அமேசான் லிஸ்டிங், எஸ்எம்எஸ், டீலர் ஃப்ளெக்ஸ் எல்லாம் எங்க தலையில. தினமும் காலையில ரிசல்ட் பார்த்துட்டு பட்ஜெட்டை ஏத்து, இறக்குன்னு வேற. தீபாவளிக்கு எட்டு வாரம்தான் இருக்கு. ஏஜென்சிக்குக் கொடுத்தா தீருமாங்க?

மணிக்கணக்கு:
"ஆள் பத்தலை"ங்கிறது எந்த முதலாளி காதுலயும் ஏறாதுங்க. மணிக்கணக்கா போட்டுக் காட்டுங்க. ரெண்டு பேர், வாரம் 48 மணி, மொத்தம் 96. மீட்டிங், போன், ஃபாலோஅப்னு கால்வாசி போயிடும். மிச்சம் 72. ஒரு டீலர் ஃப்ளெக்ஸுக்கு சைஸ் கேட்டு, கடை பேர் வாங்கி, ரெண்டு திருத்தம் பண்ணி, பிரிண்டருக்கு ஃபைல் அனுப்ப ஒன்றரை மணி ஆகும். வாரம் 16 ஃப்ளெக்ஸ் வந்தா 24 மணி, அதாவது கையில இருக்கிறதுல மூணுல ஒரு பங்கு. இதைப் பார்த்தா எந்த எம்.டி.யும் கொஞ்சம் யோசிப்பார்.

முதல்ல ஃப்ளெக்ஸ் வேலையை உங்க தலையில இருந்து இறக்குங்க. 6×4, 8×4, 10×4 அடினு மூணே சைஸ். கடை பேர், ஊர், போன் நம்பருக்கு மட்டும் இடம் விட்டு டெம்ப்ளேட் பண்ணி சேல்ஸ் ஆளுங்ககிட்ட கொடுத்துடுங்க, அவங்களே நிரப்பட்டும். வேற சைஸ் வேணும்னா ஒரு வாரம் முன்னாடியே சொல்லணும்.

எல்லா வேலையும் ஒரே கூகுள் ஷீட்ல வரட்டும்: என்ன வேலை, யார் கேட்டது, எந்தத் தேதிக்கு. அதுல இல்லாததை டிசைனர் தொட வேண்டாம். எம்.டி. அவசரம்னு ஒண்ணு தூக்கிப் போட்டா "முடியாது"னு சொல்லாதீங்க. அவர் மெசேஜுக்குக் கீழயே, "சார், இதை இன்னிக்கு முடிச்சா அமேசான் லிஸ்டிங் வியாழக்கிழமைக்குப் போகும். சரிங்களா?"னு போடுங்க. எதைத் தள்றதுன்னு முடிவு பண்றது அவர் வேலை.

ரோஆஸ்_ராணி:
தினம் பட்ஜெட்டை மாத்துறது உங்க நேரத்தையும் தின்னுது, காசையும் தின்னுது. மெட்டாவுல ஒரு ஆட் செட் (ஒரே பட்ஜெட்ல சேர்ந்து ஓடுற விளம்பரங்க) லேர்னிங் கட்டத்தை, அதாவது யாருக்குக் காட்டினா பலன் வரும்னு மெட்டா கத்துக்கிற காலத்தைத் தாண்ட, ஒரு வாரத்துல சுமார் 50 ரிசல்ட் (உங்களுக்கு ஆர்டர்) வேணும். பெரிய மாத்தம் பண்ணா மறுபடி முதல்ல இருந்து. ஒரு ஆர்டருக்கு ₹400 செலவாகுதுன்னா, ஒரு ஆட் செட்டுக்கு வாரம் ₹20,000 இருந்தாதான் அந்த 50 வரும். ஒரு நாளைக்கு ₹500னு ஆறு ஆட் செட் ஓட்டினா ஒண்ணுமே தேறாது. ஆறையும் ஒண்ணு இல்லேன்னா ரெண்டு ஆட் செட்டா சேர்த்துடுங்க. திங்கள், வியாழன் மட்டும் பட்ஜெட்டைத் தொடுங்க, அதுவும் 20 சதவீதத்துக்குள்ள. இந்த 20 மெட்டா போட்ட சட்டம் இல்லை, தொழில்ல எல்லாரும் வச்சுக்கிற அளவு.

கூகுள்ல தினசரி பட்ஜெட் ₹2,000னா ஒரு நாள் ₹4,000 வரைக்கும் கூட போகும். மாசக் கணக்குல 30.4 மடங்கைத் தாண்டாது. இதை எம்.டி.கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, இல்லேன்னா ஒரு நாள் செலவைப் பார்த்துட்டு காலங்காத்தால போன் வரும். இன்னிக்கு கிளிக் பண்ணவங்க நாலு நாள் கழிச்சும் வாங்குவாங்க, அதனால நேத்து ரிசல்ட் இன்னிக்குக் காலையில முழுசா தெரியாது. அவருக்கு 7 நாள் கூட்டுத்தொகையை மட்டும் அனுப்புங்க.

ஓடிபி_எங்கே:
போன மூணு பேர் கையில எந்தெந்த லாகின் இருக்குன்னு இந்த வாரமே பாருங்க. மெட்டா பிசினஸ் அட்மின், கூகுள் ஆட்ஸ், டொமைன், அமேசான் செல்லர், எஸ்எம்எஸ் டிஎல்டி (வியாபார எஸ்எம்எஸ் அனுப்பப் பதிவு பண்ற தளம்). ஓடிபி பழைய ஆள் நம்பருக்குப் போகும். இப்பன்னா போன் எடுப்பாங்க, ஆறு மாசம் கழிச்சு எடுக்க மாட்டாங்க. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு அட்மின் இருக்கணும்.

எஸ்எம்எஸ்ஸைக் கடைசி வாரம் பார்த்துக்கலாம்னு விடாதீங்க. டிஎல்டில அப்ரூவ் ஆன டெம்ப்ளேட்டுல, வேரியபிள் (பேர், தொகை மாதிரி மாறுற இடம்) தவிர ஒரு வார்த்தை மாறினாலும் மெசேஜ் போகாது. 2024 அக்டோபர்ல இருந்து லிங்க்கையும் முன்கூட்டியே பதிவு பண்ணணும். தமிழ்ல அனுப்பினா ஒரு மெசேஜுக்கு 70 எழுத்துதான். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணும். தாண்டினா ரெண்டு மெசேஜ் காசு.

மணிக்கணக்கு:
ஏஜென்சி பத்தி: பிரீஃப் (என்ன வேணும்னு சொல்ற குறிப்பு) நீங்கதான் எழுதணும், அப்ரூவல் எம்.டி.தான் தரணும். இந்த ரெண்டும் தேங்குற இடத்துல ஏஜென்சி வந்தாலும் தேங்கும், பில் மட்டும் மாசாமாசம் வரும். ரீல்ஸ் எடிட், அமேசான் படம் மாதிரி அளந்து கொடுக்கக்கூடிய வேலையை பீஸ் ரேட்டுக்குக் கொடுங்க. விளம்பர அக்கவுண்ட் கம்பெனி பேர்லயே இருக்கட்டும்.

கிரைண்டர்_கோவை:
நன்றிங்க. ஆனா எம்.டி. மீட்டிங்னா உட்கார மாட்டார். சொன்னதை அடுத்த நாளே மாத்துவார்.

மணிக்கணக்கு:
அப்ப மீட்டிங்கே வேண்டாம். திங்கள் காலை 10 மணிக்கு மூணு வரி அனுப்புங்க: இந்த வாரம் செய்றது, செய்யாதது, அவர் முடிவு சொல்ல வேண்டியது. "2 மணிக்குள்ள மாத்தம் இல்லேன்னா இதே வரிசை"னு முடிங்க. செய்யாததுல முதல்ல போடுங்க: உலக அந்த தினம், இந்த தினம் வாழ்த்து போஸ்டர், மாசாந்திர பிபிடி. விலை, வாரண்டி கேட்டு வர்ற கமெண்டுக்குப் பதில் சொல்றதை மட்டும் நிறுத்தாதீங்க. சீசன்ல அதுதான் ஆர்டர்.

கர்வ்ஸ்_குமரன்:
டெம்ப்ளேட் யோசனைக்கு ஒரு எச்சரிக்கை. பிரிண்டர் பழைய கோரல் ட்ரா (டிசைன் சாஃப்ட்வேர்) வச்சிருந்தா யூனிகோடு தமிழ் உடையும். "கொ"வுல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு போகும். கடை பேரை நிரப்பி முடிச்சதும் எழுத்தையெல்லாம் கர்வ்ஸா (டைப் பண்ண எழுத்தா இல்லாம வெறும் கோட்டு வடிவமா) மாத்தி பிடிஎஃப்பா மட்டும் அனுப்பச் சொல்லுங்க. எழுத்தா இருக்கிற மூல ஃபைல் தனியா கம்பெனி டிரைவ்ல இருக்கணும். கர்வ்ஸ் ஆனதுல அடுத்த கடை பேரை மாத்த முடியாது.