அல்ஜூனிட், சுவா, பிராடல்: ஊருக்கும் ஆளுக்கும் ஒரே குடும்பப் பெயர். நமக்கும் ஒன்று வேண்டாமா?

செங்காங் அப்பா:

நண்பர்களே, ரொம்ப நாளாக மனத்தில் கிடக்கும் விஷயம் இது. இந்தச் சிங்கப்பூரில் அல்ஜூனிட் என்ற குடும்பப் பெயர் உள்ளவர் அல்ஜூனிட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கலாம். 1819இல் பலெம்பாங்கிலிருந்து வந்த வணிகர் சையது ஓமார் அல்ஜூனிட். 1820இல் அவர் எழுப்பிய ஓமார் கம்போங் மலாக்கா பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது, அவர் குடும்பத்தாரும் அதே பெயரோடு இருக்கிறார்கள். பிராடல் என்று வழக்கறிஞர் குடும்பம் ஒன்று இருந்தது, பிராடல் ரோடு இருக்கிறது.

சீனர்களைப் பாருங்கள். மிளகும், தோல் பதனிட உதவும் கேம்பியரும் பயிரிட்ட காலத்தில் ஆற்றோரமாகத் தோட்டம் போட்ட தலைவரின் குடும்பப் பெயரே அந்த இடத்துக்கும் ஆனது. சுவா சூ காங், லிம் சூ காங், இயோ சூ காங் எல்லாம் அப்படி வந்தவை. லிம் என்று பெயருள்ள ஒரு சிறுவன் பேருந்தின் முகப்பில் தன் பெயரைப் பார்க்கலாம்.

நம் கதை என்ன? தாத்தாவுக்கு ஒரு பெயர், அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, என் மகளுக்கு ஒன்று. நான்கு தலைமுறைக்கும் பொதுவாக ஒரு எழுத்துகூட இல்லை. போன ஆண்டு வெளிநாடு போக ஒரு விமான நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பதிவு செய்தேன். ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தைக் காலியாக விட முடியவில்லை. எனக்கு என் அப்பா பெயரைப் போட்டேன், மனைவிக்கு மாமனார் பெயர், பிள்ளைகளுக்கு என் பெயர். ஒரே வீட்டுக்கு மூன்று குடும்பப் பெயர்கள்! போய் இறங்கிய இடத்தில் குடிநுழைவு அதிகாரி, “இவர்கள் உங்கள் பிள்ளைகள்தானா?” என்று கேட்டார். மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

இந்தத் தலைமுறையிலிருந்தாவது சிங்கப்பூர்த் தமிழர் ஒரு நிரந்தரக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. மற்றவர்கள் சொல்லுங்கள்.

பிடோக் பெரியவர்:

தம்பி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் ஊரோடு ஒட்டிக்கொள்ளக் குடும்பப் பெயர் வேண்டும் என்று யார் சொன்னது? ஈசூன் யார் பெயர்? ரப்பரிலும் அன்னாசியிலும் பெரிய ஆளான லிம் நீ சூனின் பெயர். நீ சூன் என்பதன் மாண்டரின் உச்சரிப்புதான் ஈசூன். அதில் லிம் எங்கே இருக்கிறது? பூன் லே, சியூ பூன் லேயின் சொந்தப் பெயர். பூன் கெங், டாக்டர் லிம் பூன் கெங்கின் சொந்தப் பெயர். யூனோஸ், முகமது யூனோஸ் அப்துல்லாவின் பெயர். மலாய்க்காரர்களுக்கும் நம்மைப் போலவே அப்பா பெயர்தான். தேக்கா பக்கம் வீராசாமி ரோடு இருக்கிறதே, அதுவும் டாக்டர் வீராசாமியின் சொந்தப் பெயர்தான். ஊர் தாங்கி நிற்பது பெரும்பாலும் ஆளின் பெயரை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். தமிழரிடம் தலைமுறை தலைமுறையாக ஒட்டி வந்த பெயர் ஒன்று இருந்தது. அது சாதிப் பட்டம். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் அதை வெட்டி எறியத் தீர்மானம் போட்டார்கள். அந்த ஆண்டு முடிவில் பெரியார் கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம், 1935இல் தமிழ் முரசு பத்திரிகை. அதை நடத்திய கோ. சாரங்கபாணி கடைசிவரை சாரங்கபாணிதான், பின்னால் ஒன்றும் கிடையாது. அந்தத் தலைமுறை பட்ட பாட்டில்தான் உங்கள் மகளின் பெயரைப் பார்த்து அவள் சாதியை யாரும் கண்டுபிடிக்க முடியாமல் இருக்கிறது. அந்தக் காலியிடத்தைக் குறை என்று சொல்லாதீர்கள்.

ரிவர் வேலி நடையன்:

ஐயா சொன்னதோடு ஒரு காட்சியைச் சேர்க்கிறேன். ராபர்ட்சன் கீக்குப் பின்னால் அருணாசலம் செட்டியின் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பலகையில் ஆங்கிலத்தில் ‘அர்னசலம் செட்டி ரோடு’ என்று எழுதியிருக்கும். நடுவில் ஒரு உயிரெழுத்து போய்விட்டது, கடைசியில் ‘யார்’ போய்விட்டது. அதே வட்டாரத்தில் நாராயணன் செட்டி ரோடும் உண்டு. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் பக்கத்தில்தான் என்பதால் இந்தப் பெயர்கள் அங்கே வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் இரண்டு பலகைக்கும் பொதுவாக இருப்பது ‘செட்டி’ மட்டும். அதை வைத்து இவர்கள் அண்ணன் தம்பியா, பங்காளியா, முன்பின் தெரியாதவர்களா என்று சொல்ல முடியுமா? போத்தோங் பாசிரில் மெய்யப்ப செட்டியார் ரோடு இருக்கிறது. அங்கே பட்டம் முழுசாக இருக்கிறது, ஆளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? பட்டம் சமூகத்தைக் காட்டுகிறது, குடும்பத்தைக் காட்டவில்லை.

லிம் விஷயமும் அதே. சிங்கப்பூரில் டான், லிம், லீ என்று எத்தனை ஆயிரம் பேர்! லிம் சூ காங்கின் லிம்முக்கும் உங்கள் மாடி லிம்முக்கும் உறவு இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பலகையில் ஏறிய பெயரைக் குடும்பம் காப்பாற்ற முடியாது என்பதும் இருக்கிறது. இங்கே இரண்டாவது ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் நிர்வாகியாக, இருந்த கிராஃபர்டின் பெயரில் இருந்த ‘யூ’, கிராஃபர்ட் ஸ்திரீட்டில் ‘ஓ’ ஆகிவிட்டது. 1824 ஒப்பந்தத்தை முடித்து இந்தத் தீவைப் பிரிட்டிஷாருக்கு முழுசாக வாங்கிக் கொடுத்தவருக்கே அந்த நிலை. ஜாலான் புசாருக்கு அந்தப் பக்கம் பெத்தான் ரோடு போயிருக்கிறீர்களா? பூ வேலைப்பாடு செய்த ஓடுகளோடு வரிசையாகக் கடைவீடுகள், அவ்வளவு அழகு. முதல் உலகப் போரில், 1916இல் வெர்டனில் நின்ற பிரெஞ்சுத் தளபதி என்பதற்காக வைத்த பெயர். அதே பெத்தான் 1940இல் ஹிட்லரோடு ஒத்துப்போன பிரான்சின் விச்சி அரசின் தலைவரானார், 1945இல் தேசத்துரோகி என்று தண்டிக்கப்பட்டார். பலகை அப்படியே நிற்கிறது.

தென்காசிப் பையன்:

வணக்கம். நான் வேலைக்காக இங்கே வந்தவன். மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில் சிக்கன் ரைஸ் வரிசையில் நிற்கும்போது தெருப் பலகையைப் பார்த்தேன். கடையநல்லூர் ஸ்திரீட்! எங்கள் பக்கத்து ஊர். அந்த நிலையத்தின் முகவரியே ‘1, கடையநல்லூர் ஸ்திரீட்’. அங்கிருந்து வந்த முஸ்லிம்கள் தஞ்சோங் பகார் பக்கம் வாழ்ந்திருக்கிறார்கள், 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு தனி ஆளின் பெயரும் இல்லாமல் ஒரு ஊரே வந்து பலகையில் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அதனால் கேட்கிறேன், ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக வைத்தால் என்ன? நம்மிடம் இல்லாத வழக்கமா? செம்மங்குடி என்றால் சீனிவாச ஐயர், அரியக்குடி என்றால் ராமானுஜ ஐயங்கார். சி.என். அண்ணாதுரையின் ‘சி’ காஞ்சிபுரம் (ஆங்கிலத்தில் கஞ்சீவரம்).

இங்கேயும் உதாரணம் உண்டு. வாம்போ! அவருடைய உண்மையான பெயர் ஹூ ஆ கே. காண்டனுக்குப் பக்கத்தில் வாம்போ என்ற ஊரில் பிறந்தவர். கப்பல்களுக்கு இறைச்சியும் ரொட்டியும் கொடுத்துப் பெரிய வணிகரானார், 1869இல் சட்டமன்றத்தில் அமர்ந்தார். எல்லாரும் ஊர்ப் பெயராலேயே கூப்பிட்டார்கள். அப்புறம் அந்தப் பெயர் இங்கே ஒரு வட்டாரத்துக்கும் ஆனது. ஊரிலிருந்து ஆளுக்கு, ஆளிலிருந்து மறுபடி ஊருக்கு.

பிடோக் பெரியவர்:

வாம்போ கதை நல்ல கதை தம்பி. ஆனால் நான் பிறந்தது இங்கே, என் அப்பா பிறந்ததும் இங்கே. என் ஊர் பிடோக். நான் பார்க்காத கிராமத்தின் பெயரை என் பேத்தி எதற்குச் சுமக்க வேண்டும்? அதோடு, நம் நாட்டில் ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? “ஊரில் எந்தத் தெரு?” அந்தக் கேள்வி எதற்கு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பட்டத்தை வாசல் வழியாக அனுப்பிவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே கூப்பிடாதீர்கள்.

புக்கிட் பாத்தோக் அக்கா:

எல்லாரும் ஆண்களாகவே பேசுகிறீர்கள், அதனால் நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

என் அடையாள அட்டையில் என் பெயர், டி/ஓ (இன்னாரின் மகள்), அப்பா பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் அதில் ஒரு எழுத்து மாறவில்லை. பட்டச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுப் பத்திரம் எல்லாவற்றிலும் ஒரே பெயர். கணவர் பெயருக்கு மாறிய வெள்ளைக்காரத் தோழி ஒருத்தி ஒவ்வொரு ஆவணத்தையும் திருத்த அலைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். குடும்பப் பெயர் என்று ஒன்று வந்துவிட்டால், “கல்யாணம் ஆகிவிட்டதே, எங்கள் வீட்டுப் பெயரைப் போடு” என்ற பேச்சு தானாக வரும். சீனப் பெண்கள் மாற்றுவதில்லையே என்பீர்கள். அவர்களுடையது பழைய வழக்கம். நாம் புதிதாகத் தொடங்கும்போது எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும்.

செங்காங் தம்பி, குடிநுழைவில் உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலைக் கையில் வைத்திருப்பேன், அதிகாரி பார்ப்பார், விடுவார். அதற்காகத் தமிழரின் பெயர் முறையையே மாற்ற வேண்டுமா? நம் அதிபரை ‘அதிபர் தர்மன்’ என்றுதானே சொல்கிறோம்? சண்முகரத்தினம் அவர் தந்தையின் பெயர். அந்த மரியாதையில் ஏதாவது குறைந்ததா?

செங்காங் அப்பா:

பெரியவரே, சாதிப் பட்டம் வேண்டாம் என்பதில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை. அதைக் கேட்கவே இல்லை. ஊர்ப் பெயரும் வேண்டாம், தெருக் கேள்வி பற்றி நீங்கள் சொன்னது நியாயம். நான் சொல்வது தாத்தாவின் சொந்தப் பெயரை. கப்பலில் வந்து இறங்கிய முதல் ஆளின் பெயர். இதற்கும் இங்கே முன்னுதாரணம் உண்டு. எதிர்க்கட்சி அரசியல்வாதி ஜே.பி. ஜெயரத்தினத்தின் பிள்ளைகள் கென்னத், ஃபிலிப் இருவரும் ஜெயரத்தினம். அந்தப் பெயரைக் கேட்டதும் எந்தக் குடும்பம் என்று இந்த நாட்டில் தெரியாதவர் உண்டா? அதில் சாதி இருக்கிறதா?

எனக்கு வேண்டியது பலகையில் இடம் அல்ல. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கு யாரும் சாலை வைக்கப் போவதில்லை. அதனால்தான் பெயரை நாமாவது சுமக்க வேண்டும் என்கிறேன். எஸ்/ஓ (இன்னாரின் மகன்) முறையில் அவர் என் அப்பாவோடு முடிந்துவிட்டார். என் அட்டையிலேயே அவர் இல்லை.

ரிவர் வேலி நடையன்:

இது வேறு வாதம், முதலில் சொன்னதைவிட வலுவான வாதம். ஆனால் தேடுகிறவனுக்கு இடையில் உள்ள பெயர்கள் எல்லாமே முக்கியம். ‘இன்னார் மகன் இன்னார்’ என்று நான்கு ஆவணம் இருந்தால் நான்கு தலைமுறையையும் படிப்படியாக ஏறிவிடலாம். குடும்பப் பெயர் மட்டும் இருந்தால் ஆயிரம் லிம்களுக்கு நடுவில் நிற்பீர்கள். நம் முறையில் சங்கிலியே பெயருக்குள் இருக்கிறது.

புக்கிட் பாத்தோக் அக்கா:

சங்கிலியில் பாதியைத்தான் சொல்கிறீர்கள். இன்னார் மகன், இன்னார் மகள் என்று ஏறிப் போனால் வழியில் ஒரு பெண்ணின் பெயரும் வராது. என்னைப் பெற்றவளின் பெயர் என் அட்டையில் கிடையாது. தாத்தா பெயரைக் குடும்பப் பெயராக்கினாலும் அதேதான். தம்பி, உங்கள் தாத்தா மூட்டை தூக்கினார், சரி. பாட்டி என்ன வேலை செய்தார்? உங்கள் மனைவியின் தாத்தா, பாட்டி பெயர் உங்களுக்குத் தெரியுமா? முதலில் அதை எழுதி வையுங்கள்.

செங்காங் அப்பா:

என் பாட்டி பால் மாடு வைத்திருந்தார், வீடு வீடாக ஊற்றியவர். மனைவி பக்கம் தாத்தா பெயர் தெரியும், பாட்டி பெயரை அவளே தன் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். நால்வர் பெயரையும் பிறந்த ஊரோடு எழுதி வைக்கிறேன் அக்கா. ஆனால் என் முடிவு மாறவில்லை. இன்னொரு பிள்ளை அடுத்த மாதம் பிறக்க இருக்கிறது. 42 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மனைவியும் ஒத்துக்கொண்டால் என் பெயருக்குப் பின்னால் தாத்தா பெயரும் வரும்.

பிடோக் பெரியவர்:

உங்கள் பிள்ளை, உங்கள் இருவரின் விருப்பம். தாராளமாக வையுங்கள், வாழ்த்துகள். ‘சிங்கப்பூர்த் தமிழர் எல்லாரும் வைத்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதினீர்களே, அதைத்தான் எதிர்க்கிறேன். நாளைக்கு அப்படி ஒரு கட்டம் எல்லாருக்கும் கட்டாயமானால், எத்தனை வீடுகளில் பழைய பட்டத்தை அதில் நிரப்புவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். திருமண விளம்பரங்களைப் படிக்கிறவன் நான்.