குன்னூரில் விழும் பந்து கோவையில் ஏன் தவறுகிறது?

கேள்வி: குன்னூரில் எங்கள் கிளப் பூல் மேஜையில் கண்ணை மூடிக்கூட ஆடுவேன். கோவைக்குப் போனால் வெள்ளைப் பந்து நினைத்த இடத்தைத் தாண்டி ஓடுகிறது. கியூ (பந்தை அடிக்கும் கோல்) என்னுடையதுதான், ஆனாலும் கை தயங்குகிறது. ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

பதில் 1: குன்னூர் மூடுபனியில் மேஜைத் துணி ஈரத்தை இழுக்கும், பந்து மெதுவாகும். குளிரில் மேஜை ஓரத்துக் குஷன் ரப்பரும் அவ்வளவு துள்ளாது. உங்கள் கை அந்த வேகத்துக்குப் பழகியது. கோவையில் முதலில் பந்து விழும் பாக்கெட்டை மறந்துவிட்டு, வெள்ளைப் பந்தை மட்டும் நீளவாக்கில் அடித்து எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று பாருங்கள். அப்புறம் ஆட்டம்.

பதில் 2: மேஜை அளவையும் கேளுங்கள். குன்னூரில் 8 அடி, கோவையில் 9 அடி என்றால் தூரமே மாறும்.

கேள்வி கேட்டவர்: எங்களுடையது 8 அடிதான்! அதை யோசிக்கவே இல்லை, நன்றி.