மும்பையில எஸ்ஆர்ஏ (குடிசை மறுவாழ்வு ஆணையம்) வீடு யார் காசு? வரிப்பணமா, பில்டர் பணமா?

தொண்ணூறடி_ரோடு:
நம்ம குரூப்ல ஒருத்தர் "குடிசைக்காரனுக்கெல்லாம் நம்ம வரிப்பணத்துல ஓசி வீடு"ன்னு போட்டிருக்காரு. அண்ணாச்சி, 1995ல எஸ்ஆர்ஏ வந்ததுல இருந்து குடிசைக்காரனுக்கு வீடு கட்டுறது பில்டர், அவனுக்குக் கூலி, கூடுதலாக் கட்டி வித்துக்கிற எஃப்எஸ்ஐ (நிலத்தோட அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு). கஜானாவுல இருந்து சிமெண்டுக்கு ஒத்த ரூவா போகல. இதுல உங்க வரி எங்க இருக்கு?

மாட்டுங்கா_மாமா:
நீயே சொல்லிட்ட, அப்பறம் என்ன சண்டை. அரசாங்கம் காசு போடாம வீடு வருதுன்னா நல்ல ஏற்பாடுதானே. ரோட்டுப் பள்ளம் மூடவே மூணு டெண்டர் விடுறவங்க கையில கோடிகோடியா குடுத்து வீடு கட்டச் சொல்றதா?

கணக்குப்புள்ள_செம்பூர்:
ரெண்டு பேரும் ஒரே இடத்துல வழுக்குறீங்க. தெற்கு மும்பையில அடிப்படை எஃப்எஸ்ஐ 1.33, குடிசைத் திட்டம்னா 4, சில இடத்துல அதுக்கும் மேல, அந்த வித்தியாசம் யாரோட சொத்து? ஊரோட சொத்து. அதத் தூக்கிக் குடுக்கிறதும் செலவுதான், பட்ஜெட்ல எழுதாததால யாரும் கேள்வி கேக்கறதில்ல, அவ்ளோதான். 2021ல, கூடுதல் எஃப்எஸ்ஐக்காக பில்டருங்க அரசுக்குக் கட்டுற பிரீமியத்த ஒரு வருஷத்துக்குப் பாதியாக்குனாங்களே, அது யார் பணம்? மூடுன துணி மில்லுங்களோட நிலத்தையும் பாருங்க. 1991 விதிப்படி மூணுல ஒரு பங்கு கார்ப்பரேஷனுக்கு, ஒரு பங்கு ம்ஹாடா (மாநில அரசோட வீட்டு வாரியம்) வீட்டுக்கு, ஒரு பங்குதான் முதலாளிக்கு. 2001ல "கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும்தான் பங்கு"ன்னு மாத்துனாங்க, 2006ல சுப்ரீம் கோர்ட்டும் சரின்னுடுச்சு. நட்ட நடு ஊர்ல ஏழைக்கு வீடு கட்டியிருக்கக்கூடிய நிலம், இப்ப பரேல்ல மால்.

மாட்டுங்கா_மாமா:
பழங்கதை வேண்டாம்ப்பா. ரொக்கம் எங்க? 2015 பிரதமர் வீட்டுத் திட்டத்துல குடிசை இருக்கிற இடத்துலயே கட்டுனா மத்திய அரசு வீட்டுக்குக் குடுத்தது 1 லட்சம். மும்பையில அதுக்கு பாத்ரூம் டைல்ஸ் போடலாம். வித்துத்தான் ஆகணும், வேற வழியே கிடையாது.

தொண்ணூறடி_ரோடு:
விக்கட்டும், யார் விக்கிறதுங்கிறதுதான் கேள்வி. ஒர்லி பிடிடி சால்ல (பழைய ஒத்த ரூம் குடியிருப்பு) ம்ஹாடாவே திட்டத்த நடத்துது. 160 சதுர அடியில இருந்தவனுக்கு 500 சதுர அடி, 2025 ஆகஸ்ட்ல மொத செட்டுக்குச் சாவியும் குடுத்தாச்சு. தாராவிக்கு மட்டும் ஏன் 5069 கோடிக்கு அதானிக்கு டெண்டர், அரசாங்கத்துக்கு 20 சதவீதப் பங்கு?

மாட்டுங்கா_மாமா:
ஒர்லியில எவன் கட்டுனாலும் விக்கும்வே! அதே ம்ஹாடாவ, ஃபிளாட் விலை கம்மியா இருக்கிற கோவண்டியில கட்டி வித்துக் காட்டச் சொல்லு பாப்போம்.

கணக்குப்புள்ள_செம்பூர்:
மாமா, நான் சொல்ல வந்ததும் அதான். ஃபிளாட் விலை ஏறுன இடத்துல மட்டும் பில்டர் வருவான், கோவண்டி, மான்குர்த் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டான். ஒர்லியில மிஞ்சுறத, ஊர் பூரா வசூலாகுற பிரீமியத்த எல்லாம் ஒரே நிதியில போட்டு விலை இல்லாத இடத்துல கட்டணும். அரசு நிலத்த விக்காம குத்தகைக்கு விட்டா அந்த வருமானமும் வந்துக்கிட்டே இருக்கும்.

கோவண்டி_செல்வி:
நல்லா பேசுறீங்க எல்லாரும். எங்க பில்டர் ரூமை இடிச்சுட்டு ஒரு வருஷம் வாடகை குடுத்தான், அப்பறம் "சேல் ஓடல"ன்னு நிறுத்திட்டான். இப்பல்லாம் ரெண்டு வருஷ வாடகைய முன்னாடியே கட்டணுமாம், எங்களுக்கு அது வரல. அதுக்காக அரசு காசுன்னா ஒசத்தின்னும் நான் நம்ப மாட்டேன். சென்னையில கண்ணகி நகர் முழுசா அரசாங்கக் கட்டடம்தான், ஊருக்கு வெளிய கொண்டுபோய் இறக்கிவிட்டதுல வீட்டு வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு பஸ்ஸுலயே பாதி நாள் போச்சு. யார் காசுன்னு கேக்கிறதுக்கு முன்னாடி எந்த இடம்னு கேளுங்க. அப்பறம் லிஃப்டுக்கு மாசாமாசம் யார் கட்டுறதுன்னும் கேளுங்க.

தொண்ணூறடி_ரோடு:
சத்தியமான பேச்சு அக்கா. தாராவியிலயும் 2000 ஜனவரி 1க்கு முன்னாடி இருந்த தரைத்தள ஆளுக்குத்தான் உள்ளயே 350 சதுர அடி. மாடியில இருக்கிறவன், பின்னாடி வந்தவன் எல்லாம் வெளிய வாடகை வீடு, இல்ல காசு கட்டி வாங்குற வீடு. அதுக்குக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பக்கம் உப்பள நிலம். வீட்டுலயே பட்டறை, வீட்டுலயே இட்லி வியாபாரம்னு இருக்கிறவன் அங்க போய் யாருக்கு விப்பான்?

மாட்டுங்கா_மாமா:
கணக்கு, உன் நிதிக்குச் சாவி யார் கையில? ஏற்கனவே பழைய பில்டிங்ல ரிப்பேர் செஸ்னு ஒரு வரி வசூல் பண்றாங்க, 1969 சட்டம். அந்த செஸ் கட்டுன பில்டிங்குதான் மழைக்கு மழை விழுது.

கணக்குப்புள்ள_செம்பூர்:
விழுது, ஏன்? 1947 வாடகைச் சட்டத்துல வாடகை உறைஞ்சு நின்னுச்சு, செஸ்ஸும் அதோட அற்பமா நின்னுச்சு, ரிப்பேருக்கு எப்படிப் பத்தும்? பிரீமியம் அப்படி இல்ல, நிலத்தோட ரெடிரெக்னர் மதிப்ப (அரசு நிர்ணயிக்கிற நில மதிப்பு) வெச்சுப் போடுறது, மதிப்பு ஏறுனா இதுவும் ஏறும். நம்ம நிதிய அந்தப் பிரீமியத்தோட இணைச்சிருங்க. பிரீமியத்தப் பாதியாக்கணும்னா சட்டசபையில ஓட்டுப் போட்டுத்தான் ஆக்கணும்னு ஒரு வரி சேத்துருங்க.