ஐந்து ஈத்து முடிந்த செவலைக்கு இன்னொரு முறை சினை ஊசி போடலாமா, இத்தோடு நிறுத்திவிடலாமா?

கறவைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் செவலைக்கு இப்போது 9 வயது. ஜெர்சி கலப்பு. பால்குடி மறந்த கன்றாக வந்தவள், என் மகன் நடை பழகியதே அவள் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான். முதல் மூன்று ஈத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. நாலாவது கன்று போட்ட அன்று ராத்திரி எழ முடியாமல் படுத்துவிட்டாள், காதெல்லாம் சில்லென்று ஆகி, கழுத்தை ஒரு பக்கமாக மடித்து வைத்துக்கொண்டு. பால் காய்ச்சல், அதாவது ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது என்று மருத்துவர் வந்து நரம்பில் கால்சியம் ஏற்றினார், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டாள். ஐந்தாவதிலும் அதேதான் நடந்தது, ஆனால் அந்த முறை நஞ்சுக்கொடியும் ஒன்றரை நாள் விழவில்லை. அப்புறம் கெட்ட வாடையோடு ஒழுக்கு, காய்ச்சல், அது அடங்குவதற்குள் இடது பின்காம்பில் மடிநோய்.

இப்போது கன்று போட்டு எட்டு மாதம் ஆகிறது. 14 லிட்டர் கொடுத்தவள் 6 லிட்டரில் நிற்கிறாள். மூன்று முறை ஊசி போட்டும் சினை தங்கவில்லை. விலா எலும்பு தெரிகிறது, இடது பின்னங்காலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிறாள். நாலாவது ஊசி போடலாம் என்கிறார் வீட்டுக்காரர். அத்தை, அவள் பட்டது போதும், விடுங்கள் என்கிறார். நான் மடியைத் தொட்டால்தான் பால் விடுவாள், வேறு யார் உட்கார்ந்தாலும் அடக்கிக்கொள்வாள், அப்படிப்பட்டவளைப் பற்றி நானே முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

பின்னிரவுத் தொழுவம்:

அக்கா, ஊசி போடலாமா என்று கேட்பதற்கு முன்னால், மூன்று ஊசி ஏன் தங்கவில்லை என்று பாருங்கள். நீங்கள் எழுதியதிலேயே எனக்கு இரண்டு மூன்று காரணம் கண்ணில் படுகிறது.

ஒன்று, உடம்பு. விலா எலும்பு தெரியும் மாடு தன் உடம்பைக் கரைத்துத்தான் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் பருவம் சரியாக வராது, வந்தாலும் கரு நிற்பது கஷ்டம். உடல் நிலையை 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள், கன்று போடும்போது 3க்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் செவலை இரண்டைத் தாண்ட மாட்டாள்.

இன்னொன்று அந்தக் கால். இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. கால் வலிக்கிற மாடு தீவனத் தொட்டிக்கு வருவதே குறைந்துவிடும், வந்தாலும் அதிக நேரம் நிற்காது, அதனாலேயே இளைக்கும். பருவத்திலும் மற்ற மாடு மேலே ஏறினால் நின்று கொடுக்காமல் விலகிப் போய்விடும், நாம் பருவமே வரவில்லை என்று நினைத்துக்கொள்வோம், அல்லது நேரம் தப்பிய பிறகு ஊசி போடுவோம். பருவம் 21 நாளுக்கு ஒரு முறை, சில மாட்டுக்கு 18, சில மாட்டுக்கு 24. காலையில் நின்று கொடுத்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் என்றால் மறுநாள் காலை. உங்கள் மூன்று ஊசியும் எந்த நேரத்தில் போட்டது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? குளம்பை முதலில் சீவிச் சரிபார்த்துவிடுங்கள், சினை பிடிக்கிறதோ இல்லையோ அந்த வலியாவது தீரும்.

கால்நடைத்துணை:

நான் இந்தத் தொழிலில் பல வருடமாக இருக்கிறேன். மேலே சொன்னது எல்லாம் சரி, அதோடு கருப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி தங்கி, வாடையோடு ஒழுக்கு இருந்த மாட்டுக்குக் கருப்பையின் உள்சுவரில் அழற்சி உள்ளேயே நின்றுவிடுவது உண்டு. வெளியே பார்த்தால் மாடு நன்றாகத்தான் இருக்கும். பருவத்தில் வரும் கோழை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். அதில் வெள்ளைத் திப்பி கலந்து வந்தால் எத்தனை ஊசி போட்டாலும் வீண்தான், முதலில் அதற்கு வைத்தியம்.

பால் காய்ச்சல் இரண்டு முறை வந்துவிட்டது என்பதாலேயே சினைப்படுத்தக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு முறை வந்த மாட்டுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், வயது ஏற ஏறக் கூடும், ஜெர்சி ரத்தத்துக்கு இன்னும் கூடுதல். சீம்பால் சுரக்க ஆரம்பித்ததும் ரத்தத்தில் இருக்கும் கால்சியம் மொத்தமாக மடிக்குப் போகிறது, வயதான மாட்டால் எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் அந்த வேகத்தில் எடுத்து ஈடுகட்ட முடிவதில்லை. இதில் நல்ல எண்ணத்தில் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது: சினை மாடாயிற்றே என்று கடைசி மாதத்தில் கால்சியம் டானிக் ஊற்றுவது, பயறுவகைத் தீவனமாக அள்ளிப் போடுவது. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால் எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை உடம்பு நிறுத்திவைத்துவிடும், கன்று போட்ட அன்று திடீரென்று கேட்டால் அதனால் எழுந்து வேலை செய்ய முடியாது. கடைசி மூன்று வாரம் கால்சியம் குறைவாக, மக்னீசியம் போதுமான அளவில், மருத்துவர் சொன்னால் அமிலத் தன்மையுள்ள உப்புக் கலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கன்று போட்டதும் வாய்வழிக் கால்சியம், பாதி நாள் கழித்து இன்னொரு முறை. மாடு விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும்தான் வாய்வழி, படுத்துத் தலை தொங்கிவிட்டால் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நரம்பில் ஏற்றுவதும் மெதுவாகத்தான், வேகம் கூடினால் இதயம் நின்றுவிடும்.

அதனால் என் கேள்வி இதுதான்: அந்தக் கடைசி மூன்று வாரமும் கன்று போட்ட பிறகு மூன்று நாளும் ராத்திரி பகலாகக் கூட இருக்க உங்கள் வீட்டில் ஆள் உண்டா? கூப்பிட்ட நேரத்துக்கு மருத்துவர் வருவாரா? இரண்டும் இல்லையென்றால் சினை பிடிக்காமல் இருப்பதே அவளுக்கு நல்லது.

நான்காம் கொட்டில்:

மேலே சொன்ன கடைசி வரிக்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒருத்தி இருந்தாள், ஆறாவது ஈத்து, முந்தின இரண்டு ஈத்திலும் இதே பிரச்சினை. இன்னும் ஒரே ஒரு கன்று, அதுவும் கிடேரியாக இருந்தால் நல்லது என்று ஊசி போட்டேன். சினையும் பிடித்துவிட்டது. கன்று போட்டது பின்னிரவில், சத்தமே இல்லாமல். நான் காலையில் போய்ப் பார்த்தபோது எத்தனை மணி நேரமாக ஒரே பக்கமாகப் படுத்திருந்தாளோ தெரியவில்லை, கால்சியம் ஏற்றியும் எழவில்லை. அவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு ஒரே பக்கம் கிடந்தால் அடியில் இருக்கும் காலின் சதையும் நரம்பும் நசுங்கிவிடுகிறது, அதற்கப்புறம் ரத்தத்தில் கால்சியம் சரியானாலும் கால் எழுப்பாது. வைக்கோல் மெத்தை போட்டு, சில மணி நேரத்துக்கு ஒரு முறை நாலு பேராகப் புரட்டிப் போட்டு ஐந்து நாள் பார்த்தோம். ஆறாம் நாள் வலியில்லாமல் அனுப்பிவிடச் சொல்லி நானே கேட்டேன்.

கன்று பிழைத்தது, கிடேரிதான். இன்றைக்கும் அது என் கண்ணெதிரில் நிற்கிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் அதன் அம்மாவை நான் ஏன் விட்டுவிடவில்லை என்று தோன்றுகிறது. உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை அக்கா.

தீவனக்காரர்:

யாராவது இதையும் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் மாடு 15 வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். 9 வயதில் நிறுத்தினால் பால் இல்லாமல் பல வருடம் தீவனம் போட வேண்டும். அதற்கு இடமும் தீவனமும் மனசும் இருந்தால் தாராளமாக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இப்போது பாசத்தில் நிறுத்திவிட்டு இரண்டு வருடம் கழித்துக் கைமாற்றி விடுவீர்கள், வாங்கியவர் முதல் வேலையாக ஊசிதான் போடுவார், அவள் என்ன பட்டாள் என்று அவருக்குத் தெரியாது.

அப்புறம், ஊசி போடவில்லை என்றால் உடனே பால் நின்றுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். சினை பிடித்த மாட்டுக்கு ஐந்தாம் மாதத்துக்கு மேல் பால் நன்றாகவே குறையும், கடைசி இரண்டு மாதம் வற்றவும் விட வேண்டும். சினையில்லாத மாடு குறைந்த அளவிலாவது இன்னும் பல மாதம் கறக்கும். இந்த 6 லிட்டரை அப்படியே இழுத்துக்கொண்டு போகலாம். அவசரமே இல்லை. அவளுடைய கிடேரிக் கன்று ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?

கறவைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நான்காம் கொட்டில் எழுதியதை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன், அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மருத்துவர் வந்து பார்த்தார். கருப்பையில் இன்னும் சீழ் இருக்கிறதாம், நாங்கள் போட்ட மூன்று ஊசியும் அதன் மேலேயேதான் போட்டிருக்கிறோம். மருந்து வைத்திருக்கிறார். குளம்பையும் சீவிப் பார்த்தோம், உள்ளே புண் இருந்தது, சுத்தம் செய்து பாரம் புண்ணில் விழாமல் இருக்க அதே காலின் மற்றக் குளம்பில் மரக்கட்டை ஒட்டியிருக்கிறார், இரண்டு நாளில் காலை ஊன்றி நிற்கிறாள். இவ்வளவு நாள் இதைப் பார்க்காமல் விட்டோமே என்று மனசு ஆறவில்லை.

தீவனக்காரர் கேட்டதற்குப் பதில்: மூன்றாவது ஈத்துக் கிடேரி எங்களிடம்தான் இருக்கிறது, இப்போது முதல் சினை, ஏழாம் மாதம். பிரசவ நேரத்தில் கூட இருக்க ஆள் உண்டா என்று கேட்டதுதான் எங்கள் கண்ணைத் திறந்தது. மகன் வெளியே படிக்கிறான், அத்தைக்கு முடியாது, நானும் அவரும் மட்டும்தான். ஒரு மாட்டுக்கு ராத்திரி விழித்திருக்க முடியும், இரண்டுக்கு முடியாது. அந்த விழிப்பு இந்த முறை மகளுக்கு.

செவலைக்கு இனி ஊசி இல்லை. கறக்கும் வரை கறப்போம், வற்றிய பிறகும் இங்கேதான் இருப்பாள், யாருக்கும் கைமாற்ற மாட்டோம் என்று அவரே சொல்லிவிட்டார். அடுத்த பருவம் வந்தபோது கத்தினாள், ராத்திரி முழுக்க. நான் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருக்கிறது. அம்மாவுக்குப் பால் காய்ச்சல் வந்ததால் இந்தக் கிடேரிக்கும் முதல் ஈத்திலேயே வருமா?

கால்நடைத்துணை:

முதல் ஈத்தில் வருவது அரிது அம்மா, பெரும்பாலும் மூன்றாவதிலிருந்துதான் பயம். ஆனால் அந்த வழியில் வந்தவள் என்பதால் இப்போதே பழக்கப்படுத்துங்கள், கடைசி மூன்று வாரத் தீவனத்தை மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் மாதம் என்றால் இன்னும் நாள் இருக்கிறது. முதல் கன்றுக்கு இடுப்பு குறுகலாக இருக்கும், வயிற்றுக் கன்று பெரிதாகிவிடும் அளவுக்கு இப்போது அடர்தீவனத்தைக் கொட்டாதீர்கள். ஊசி போட்ட தேதியிலிருந்து 280 நாள் எண்ணி, அதற்குப் பத்து நாள் முன்னாலேயே அவளைத் தனியாக, வழுக்காத தரையில் கட்டுங்கள்.