கடலோர வீடு, ஜப்பானியக் கல்தோட்டம்: முழுக் கண்ணாடிச் சுவர் சரிப்படுமா?

அலைக்கரை:
கடலைப் பார்த்த மனையில் வீடு கட்டப் போகிறோம். ஒரே தளம், மூன்று அறை, நடுவில் முற்றம். வசதியில் குறை வைக்கவில்லை, ஆனால் சாமான்களால் நிரம்பாத வீடாக இருக்க வேண்டும். வரைபடத்தில் கடல் பக்கம் 12 மீட்டருக்குத் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. முற்றத்தில் வெள்ளைச் சரளை, மூன்று பாறை, அவற்றைச் சுற்றிப் பாசி. காகிதத்தில் அவ்வளவு அமைதி! நேற்று மனையில் அரை மணி நேரம் நின்றேன், மூக்குக்கண்ணாடி முழுக்க உப்பு. அந்த 12 மீட்டரை யார் துடைப்பது? பாசி பிழைக்குமா?

உளிச்சத்தம்:
பாசியை மறந்துவிடுங்கள். கியோட்டோவின் பாசித் தோட்டங்கள் கடலைவிட்டுத் தள்ளி, மலை சூழ்ந்த ஈரமான மண்ணில் இருப்பவை. உப்புச் சாரல் பட்டால் கருகிவிடும். ஜப்பானியக் கடற்கரைகளில் நிற்பது குரோமட்சு என்கிற கரும்பைன். அது உங்கள் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராவிட்டால், உங்கள் கரையில் காற்றுக்கு வளைந்து தானாக நிற்கிற மரம் எதுவோ, அதையே வையுங்கள்.

சரளை விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். நான் கல்வேலை செய்த ஒரு கடலோர வீட்டில் முதலில் பொடிச் சரளை போட்டோம். காலையில் சரளைமேல் வாரியால் இழுத்த அலைவரி மாலையில் இருக்காது. பொடியெல்லாம் நகர்த்தும் கதவின் தடத்தில் போய் உட்கார்ந்து, கதவைத் திறக்க இரண்டு பேர் வேண்டியதாயிற்று. முழுதையும் அள்ளிவிட்டுச் சுண்டுவிரல் நகம் அளவில் போட்டோம், காற்று வரும் பக்கம் இடுப்பளவு சுவரும் எழுப்பினோம். வரி இப்போது வாரக்கணக்கில் நிற்கிறது.

கண்ணாடிக்கு வருகிறேன். கியோட்டோவின் ரியோவான்ஜி கோயில் கல்தோட்டத்தில் 15 கல். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது கண்ணுக்குத் தப்பும். ஒரே பார்வையில் எல்லாவற்றையும் கொடுத்துவிடக் கூடாது என்பது அந்தத் தோட்டங்களில் அடிக்கடி தெரிகிற புத்தி. ஜப்பானின் தேநீர்ச் சடங்கு ஆசான் சென் நோ ரிக்யூவைப் (1522–1591) பற்றி ஒரு கதை சொல்வார்கள். சகாய் துறைமுகத்தில் அவருடைய தோட்டத்துக்கு நேரே கடல். அதை மரம் நட்டு மறைத்துவிட்டாராம். விருந்தாளி கை கழுவக் கல்தொட்டியிடம் குனியும்போது மட்டும் இலை இடுக்கில் கடல் தெரியுமாம். உள்ளங்கையில் ஒரு கை நீர், அப்பால் அவ்வளவு நீர்!

12 மீட்டர் கண்ணாடியில் கடல் சுவரில் ஒட்டிய படமாகிவிடும், பத்தாம் நாள் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சுவர் எழுப்புங்கள். தரையோடு ஒட்டி, உட்கார்ந்தவர் கண்ணுக்கு மட்டும் எட்டுகிற ஒரு நீளத் திறப்பு போதும்.

துருப்பிடித்தவன்:
தத்துவம் இருக்கட்டும், திருகாணியைப் பாருங்கள். கீல், கைப்பிடி, கண்ணாடிச் சட்டத்தின் ஆணி எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேட்டு வாங்குங்கள். வழக்கமான 304 ரகத்தில் இல்லாத மொலிப்டினம் என்ற உலோகம் அதில் 2 முதல் 3 சதவீதம் உண்டு, உப்புக்கு அதுதான் ஈடுகொடுக்கும். அதற்கும் கழுவல் வேண்டும். என் வீட்டில் முதலில் பழுப்பேறியது மழையில் நனைகிற கம்பிகள் அல்ல, கூரைக்கு அடியில் பத்திரமாக இருந்தவை. மழை படாததால் உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. வெளியே நாலு மூலைக்கும் நல்ல தண்ணீர்க் குழாய் வையுங்கள். குறைவான பொருள் உள்ள வீட்டில் ஒரு துருக்கறைகூடக் கண்ணை உறுத்தும்.

அலைக்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. இன்று மாலை மனையில் இரண்டு கழி நட்டுப் போர்வையைக் கட்டினேன், கீழே முழங்கால் உயரத்துக்கு இடைவெளி விட்டு. நின்றால் போர்வைதான். தரையில் உட்கார்ந்ததும் அலை உடைகிற வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது. "கடலை மறைக்கவா கடலோரம் மனை வாங்கினோம்?" என்று சண்டைக்கு வந்த மனைவி, உட்கார்ந்த பிறகு இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஒத்துக்கொண்டாள். சமையலறை ஜன்னல் மட்டும் பெரிதாகவே வேண்டுமாம்.